பிக்கார்ட் கேட்கும் டீயும் நம் ஊர் தே ஓவும்

செந்தூல்வாசி:
நேற்று ராத்திரி வேலை முடிந்து மாமாக் கடையில் (நம் மலேசியாவின் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பையன் "தே ஓ, கோசோங், பானாஸ்" என்று குரல் கொடுத்தான். அதாவது பால் இல்லாத டீ, சர்க்கரை இல்லாமல், சூடாக. சட்டென்று ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடரின் கேப்டன் பிக்கார்ட் ஞாபகம் வந்துவிட்டது. கப்பல் கம்ப்யூட்டரிடம் அவர் இப்படித்தான் கேட்பார்: "டீ, ஏர்ல் கிரே, ஹாட்." முதலில் பானம், அப்புறம் வகை, கடைசியில் சூடு, அப்படியே நம் வரிசை! அவரும் பால் இல்லாமல் கண்ணாடிக் கோப்பையில்தான் குடிக்கிறார். என் சந்தேகம் இதுதான்: அவ்வளவு பெரிய கப்பலின் கம்ப்யூட்டருக்கு அவருடைய டீ எதுவென்று தெரியாதா? ஏன் ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்கிறார்?

பாயான் லெப்பாஸ் அக்கா:
தம்பி, அந்த வசனம் முதலில் வந்த இடத்தைப் பாருங்கள். 1989, இரண்டாவது சீசன், 'கண்டேஜியன்' எபிசோட். கம்ப்யூட்டருக்குள் வேற்றுக்கிரக நிரல் புகுந்து எல்லாமே கோளாறாகிக் கிடக்கும், இவர் டீ கேட்பார், கேட்டதை உருவாக்கித் தரும் ரெப்ளிகேட்டர் இயந்திரத்தில் பூந்தொட்டி வந்து நிற்கும். முழுசாகச் சொன்னதால்தான் தப்பு எங்கே என்று நமக்கே உடனே புரிகிறது. என்னைக் கேட்டால், மனுஷனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வேண்டியிருக்காது. 2020-ல் வந்த 'பிக்கார்ட்' தொடரில் வயதான பிறகு அதே ஏர்ல் கிரேயைக் காஃபின் இல்லாமல் கேட்கிறார். கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே கொடுத்திருந்தால் அவர் ராத்திரி எப்படித் தூங்குவார்?

பட்டர்வொர்த்காரன்:
அக்கா சொன்னது ரொம்பச் சரி. என் அப்பா இருபது வருஷம் டீ ஆற்றினவர். வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே, நடுவில் டீ கயிறு மாதிரி இறங்கும், ஒரு சொட்டு தரையில் விழாது. சின்னப் பிள்ளைக்கு என்றால் நாக்கு சுடாமல் இருக்க ரெண்டு ஆற்று கூடுதலாக ஆற்றுவார். தினமும் வருகிறவர்கள் என்ன குடிப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி, ஆனாலும் "பியாசா?" (வழக்கம்போலவா?) என்று கேட்டுவிட்டுத்தான் டின்பாலைத் தொடுவார். ஒருநாள் பல வருஷமாகத் தே தாரிக் (டின்பால் சேர்த்து ஆற்றிய டீ) குடித்த ஒரு பெரியவர், "இல்லப்பா, இனிமே தே ஓ கோசோங்" என்றார். டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அப்பா கேட்கவில்லை என்றால் அவர் கொடுத்ததைப் பேசாமல் குடித்துவிட்டுப் போயிருப்பார். பிக்கார்டின் அண்ணன் ராபர்ட் பிரான்ஸில் திராட்சைத் தோட்டத்து வீட்டில் ரெப்ளிகேட்டரே வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பார், 1990-ல் வந்த 'ஃபேமிலி' எபிசோடில். எனக்கு அவர் பக்கம்தான் மனசு போகும்.

செந்தூல்வாசி:
காஃபின் இல்லாமல் கேட்பார் என்பது எனக்குத் தெரியாது அக்கா, அந்தத் தொடரை இன்னும் தொடவே இல்லை. சனிக்கிழமை ஆரம்பிக்கிறேன். பட்டர்வொர்த் அண்ணே, அப்பா இன்னும் டீ ஆற்றுகிறாரா? அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன்.

பட்டர்வொர்த்காரன்:
கடையை விட்டாச்சு தம்பி, தோள்பட்டை வலி. வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்தபடியே ஆற்றுவார்.