உபுண்டுல இருந்து விண்டோஸுக்குள்ள போகேலாமல் கிடக்கு, ஆரும் உதவுங்கோ

வணக்கம் எல்லாருக்கும். கொக்குவில் வீட்டில என்ர உபுண்டு 22.04 (லினக்ஸ்) லாப்டொப்பில இருந்து ரெம்மினாவால (தூர இருக்கிற கொம்பியூட்டரை இங்க இருந்து திறந்து பாவிக்கிற மென்பொருள்) டவுன் ஒஃபிஸ் விண்டோஸ் 11 ப்ரோ கொம்பியூட்டருக்கு விபிஎன்னில (இன்டர்நெட்டுக்குள்ளால போற பாதுகாப்பான தனி இணைப்பு) போறனான், மூண்டு நாளா பாஸ்வேர்ட் அடிச்ச உடன திரும்பவும் அதே பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேக்குது. ரிமோட் இணைப்பு போற 3389 போர்ட் திறந்துதான் கிடக்கு, தம்பியின்ர விண்டோஸ் லாப்டொப்பில அதே பெயர் அதே பாஸ்வேர்ட் போட்டா உடன உள்ள விடுது, அப்ப நெட்வேர்க் பிழை இல்லை எண்டுதான் நினைக்கிறன். பின் நம்பர் ரிமோட்டுக்கு சரிவராது எண்டு தெரியும், முழு பாஸ்வேர்ட்தான் அடிக்கிறன். டொமைன் பெட்டியில கொம்பியூட்டர் பெயரும் போட்டுப் பாத்தன், வெறுமையா விட்டும் பாத்தன். விண்டோஸில என்எல்ஏயை (ரிமோட் திரை திறக்க முதலே பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபாக்கிற பாதுகாப்பு) நிப்பாட்டச் சொல்லீனம், ஆனா அங்க வாடிக்கையாளர்ர கணக்குகள் கிடக்கு, பாதுகாப்பைக் குறைக்க எனக்கு மனமில்லை. ரெம்மினாவில செக்யூரிட்டிய எதில வைக்கோணும், ஓட்டோவா என்எல்ஏயா? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ, மாசக் கடைசிக் கணக்கு முடிக்கோணும்.