கிளேசியர்னா உறைஞ்சு போன ஆறா?

குழப்பவாதி:
ரொம்ப நாளா ஒரு டவுட்டு. கிளேசியர தமிழ்ல பனியாறுன்னு சொல்றாங்க, அப்ப ஓடுற ஆறு குளிர்ல உறைஞ்சுட்டா அதான் கிளேசியரா? அப்படின்னா சைபீரியால மாசக்கணக்கா ஆறெல்லாம் உறைஞ்சு கிடக்கே, அத ஏன் யாரும் கிளேசியர்னு சொல்றதில்ல? இதுல வகை வேற நிறைய இருக்காம். புரியற மாதிரி யாராச்சும் சொல்லுங்களேன்

மலைப்பித்தன்:
பேர வச்சு ஏமாந்துட்டீங்க. ஆறு உறைஞ்சா அது வெறும் ஐஸ்தான், கோடை வந்தா போயிரும். கிளேசியர் வானத்துலேர்ந்து விழற பனியில உருவாகுறது. குளிர்காலத்துல விழுந்தது கோடையில முழுசா உருகாம கொஞ்சமாவது மிஞ்சணும், அதுக்கு மேல அடுத்த வருஷ பனி, அதுக்கும் மேல அதுக்கடுத்த வருஷத்துதுன்னு ஏற ஏற அடியில இருக்கறது நசுங்கிட்டே போகும். புதுப்பனி பாதிக்கு மேல வெறும் காத்துதாங்க, ஒரு கன மீட்டர் அள்ளுனா பல நேரம் 100 கிலோ கூட தேறாது. நசுங்கி நசுங்கி சர்க்கரை மாதிரி குருணையாகும், அதுக்கு ஃபிர்ன்னு பேரு. கன மீட்டருக்கு 830 கிலோ கிட்ட வந்ததும் இடுக்கெல்லாம் அடைஞ்சு மிச்ச காத்து குமிழ் குமிழா உள்ளயே மாட்டிக்கும், அப்பதான் அது கிளேசியர் ஐஸ்.

சைபீரியா வெர்கோயான்ஸ்க்ல மைனஸ் 60க்கும் கீழ போயிருக்கு, அதே ஊர்ல 2020 ஜூன்ல 38 டிகிரி வெயில். விழற பனியும் கம்மி, அப்பறம் என்னத்த மிஞ்சும்

ஐஸ்கட்டி:
ஒண்ணு விட்டுட்டீங்க, அது நகரணும். நகரலேன்னா கிளேசியர் இல்ல. கெட்டித் தார சுத்தியால தட்டுனா உடையும், அப்படியே விட்டா மெதுவா வழியும்ல, அந்த கதைதான். மேல இருக்கற ஐஸ் வெடிச்சு பிளவு விடும், அடியில இருக்கறது பாரம் தாங்காம வளைஞ்சு நகரும்.

கடலோரம்:
வகைய மனப்பாடம் பண்ணாதீங்க, ஐஸ் எந்த இடத்துல கிடக்குதுங்கறதுதான் வகை. மலைச்சரிவுல கிண்ணம் மாதிரி குழியில இருந்தா சர்க், அது வழிஞ்சு பள்ளத்தாக்குல இறங்குனா வேலி கிளேசியர் (சியாச்சின் அப்படித்தான், 70 கிமீக்கு மேல நீளம்), சமவெளிக்கு வந்து தோசைமாவு மாதிரி பரவுனா பீட்மான்ட், அலாஸ்கா மலாஸ்பினா அதுக்கு உதாரணம். மலையையே மூடுனா ஐஸ் கேப், 50,000 சதுர கிமீ தாண்டுனா ஐஸ் ஷீட், இன்னிக்கு அண்டார்டிகாவும் கிரீன்லாந்தும் மட்டும்தான். கடல்ல போய் முடியறதுலேர்ந்து உடைஞ்சு மிதக்கற துண்டுதான் ஐஸ்பெர்க். கிளேசியர், ஐஸ்பெர்க் ரெண்டையுமே பனிப்பாறைன்னு எழுதறாங்க பாருங்க, படிக்கறப்பல்லாம் கடுப்பாகுது

குழப்பவாதி:
சூப்பர் மக்களே. அந்த குமிழ்ல மாட்டுன காத்து என்னாகும்?

மலைப்பித்தன்:
அப்படியேதான் இருக்கும். அண்டார்டிகால துளை போட்டு எடுத்த ஐஸ்ல 8 லட்சம் வருஷத்துக்கு முந்தின காத்து கிடைச்சிருக்கு. அந்த மாதிரி ஐஸ தண்ணில போட்டா குமிழ் உடைஞ்சு பட்டு பட்டுன்னு சத்தம் வரும், அவ்ளோ அழுத்தத்துல மாட்டிருக்கு