மறு: 'பொது நிலம்' என்று எழுதினால் சொந்தக்காரர் காணாமல் போகிறார்: 'குடிப்பொது' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மக்கள் கூட்டத்தார் சேர்ந்து உரிமை கொண்டாடும் நிலத்தை, ஆங்கிலத்தில் கம்யூனல் லேண்ட் என்பதை, தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை நான் வாய் திறக்காததற்குச் சோம்பல்தான் காரணம். கம்யூனல் லேண்ட் என்பதற்குப் 'பொது நிலம்' என்றே வைத்துவிட்டுப் போகலாம், இதற்கு எதற்கு இத்தனை மடல் என்று நினைத்திருந்தேன். போன வாரம் கென்யாவின் 2010 அரசியலமைப்பில் நிலம் பற்றிய பகுதியைத் தமிழில் சுருக்கி எழுத உட்கார்ந்தேன். 61ஆம் பிரிவு அந்நாட்டு நிலம் முழுவதையும் பப்ளிக், கம்யூனிட்டி, பிரைவேட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. என் கை தன்பாட்டுக்கு இப்படித் தட்டியிருந்தது:

"கென்யாவில் நிலம் பொது நிலம், பொது நிலம், தனியார் நிலம் என மூவகைப்படும்."

சிரித்துவிட்டு அழித்தேன். அழித்த இடத்தில் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை.

முதல் 'பொது' அரசின் பொறுப்பில் இருப்பது: சாலை, ஆறு, அரசு அலுவலகம் நிற்கும் இடம். இரண்டாவது 'பொது' அப்படியல்ல, இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு கூட்டத்தாருடையது. அங்கே அவர்கள் மாடு மேய்க்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள், வெளியாள் நுழைந்தால் 'யாரைக் கேட்டு வந்தாய்' என்கிறார்கள். இரண்டையும் 'பொது' என்ற ஒரே மூட்டையில் கட்டியதும் கேட்பாரற்ற நிலமாகிவிடுகிறது. நமக்கு இது பழைய கதை. மேய்க்காலையும் மந்தைவெளியையும் தீர்வைக் கணக்குக்கு, அதாவது நிலவரிக் கணக்குக்கு, வெளியே தள்ளிப் 'புறம்போக்கு' என்று எழுதினார்கள். கணக்குக்கு வெளியே என்றிருந்தது, நாளடைவில் யாருக்கும் சொந்தமில்லாதது என்றாகி, இப்போது அந்தச் சொல்லே ஒரு வசவு.

ஆகவே எனக்கு வேண்டிய சொல்லுக்குள் ஒரு சொந்தக்காரர் தெரிய வேண்டும். அவர் தனியாளாகவும் இருக்கக்கூடாது, அரசாகவும் இருக்கக்கூடாது. இந்த அளவுகோலோடு இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> 'சமூக நிலம்' புழக்கத்தில் இருக்கிறதே? வன உரிமைச் சட்டம் பற்றி எழுதுகிறவர்கள் 'சமூக வன உரிமை' என்றுதானே எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள். ஆனால் 'சமூகக் காடு' என்றும் எழுதுகிறோம், அது சோஷியல் ஃபாரஸ்ட்ரி. வனத்துறை ஏரிக்குள்ளும் தரிசிலும் கருவேலம் நட்டு வளர்த்தது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நேர் எதிரான வேலை செய்கிறது: ஒரு ஊரார் வழிவழியாகக் காத்துவந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அவர்களுக்கே உரிமை உண்டு என்கிறது. துறை நட்ட காட்டுக்கும் ஊரார் காத்த காட்டுக்கும் ஒரே அடைமொழி என்றால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? சோஷியலுக்கும் கம்யூனிட்டிக்கும் 'சமூகம்' ஒற்றை ஆளாக வேலை பார்ப்பதால் வந்த வினை இது. இன்னொன்றும் உண்டு, தயக்கத்தோடுதான் சொல்கிறேன். பேச்சுத் தமிழில் 'நீங்க எந்தச் சமூகம்?' என்றால் என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். 'சமூக நிலப் பதிவு' என்று தலைப்புப் போட்டால் சாதிச் சங்கத்துச் சொத்தைப் பத்திரம் பதிகிறார்கள் என்று புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது.

> 'கூட்டுப்பட்டா' தயாராக இருக்கும்போது புதிதாக எதற்கு?

அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் ஏறிய பட்டா அது. நாளைக்கே ஒருவர் மனுக் கொடுத்து, அளந்து, உட்பிரிவு வாங்கி, தன் பாகத்தை விற்றுவிடலாம். நாம் பேசுகிற உரிமையில் பிரித்துக்கொண்டு போகப் பாகமே கிடையாது. அந்தக் கூட்டத்தில் பிறந்தவருக்கு, அதில் ஒருவர் என்பதாலேயே உரிமை வருகிறது. வன உரிமைச் சட்டத்திலேயே பாருங்கள்: தனியார் உரிமைக்குப் படிவம் அ, ஊராரின் பயன்பாட்டு உரிமைக்குப் படிவம் ஆ, காட்டையே நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் இ என்று விண்ணப்பமே தனித்தனி. எதையும் விற்க முடியாது.

'கூட்டுடைமை' என்றவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அரசியல் வாடை ஒருபுறம் இருக்கட்டும், 'உடைமை' என்பதே இடிக்கிறது. மொசாம்பிக்கில் நிலம் அரசுடையது, விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஆனால் 1997ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, வழக்காற்றின்படி ஓரிடத்தில் வாழ்ந்துவரும் மக்களுக்கு அந்த நிலத்தின்மேல் பயனுரிமை உண்டு. தான்சானியாவில் எல்லா நிலமும் மக்கள் சார்பில் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருக்கிறது. அதற்குள்தான் 1999ஆம் ஆண்டு கிராம நிலச் சட்டம் கிராம மன்றங்களுக்கு நிர்வாகத்தைக் கொடுக்கிறது. இங்கெல்லாம் 'உடைமை' என்று எழுதினால் மொழிபெயர்ப்பு சட்டத்தையே மாற்றிவிடும். 'உரிமை' போதும்.

> தஞ்சாவூர்ப் பழைய வழக்கில் ஏகபோகம், பாலபோகம், சமுதாயம் என்ற பிரிவு உண்டு. 'சமுதாயம்' என்பதை மீட்டெடுக்கலாமே?

இந்த மடலை இரண்டு தடவை படித்தேன். அழகான சான்று. ஒரே ஆள் கையில் இருந்த ஊர் ஏகபோகம், பலர் தனித்தனியே வைத்திருந்த ஊர் பாலபோகம், பங்காளிகள் எல்லாருக்கும் சேர்த்து இருந்தது சமுதாயம். கரையீடு என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வயலை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. நல்ல வயல் ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது என்ற கணக்கு. ஆனால் அந்தச் சமுதாயத்தில் பங்கு யாருக்கு? மிராசுதாரருக்கு. சேற்றில் இறங்கி நட்டவருக்கு அதில் காணியளவும் கிடையாது. தவிர அது பங்கு எண்ணிப் பார்த்த ஏற்பாடு, நமக்கு வேண்டியது பங்கு எண்ணாத ஒன்று. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஏறிவிட்ட பொருளை இறக்கவும் முடியாது.

> ஊர்ப்பொது!

ஆச்சரியக்குறியோடு வந்த இந்த ஒற்றைச் சொல் மடல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காதுக்குப் பழகியது, யாரிடமும் விளக்க வேண்டாம். இதற்கே கை தூக்கியிருப்பேன். இரண்டு முள் குத்துகிறது. தமிழில் 'ஊர்' என்றதும் 'சேரி' வெளியே நிற்கிறது. ஊர்ப்பொது என்று பெயர் பெற்ற குளத்தில், தோப்பில், மயானத்தில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதை நாம் மறந்துவிட்டு ஒரு சட்டச் சொல் செய்யக்கூடாது. பெண்களையும் வந்தேறிகளையும் உறுப்பினர் பட்டியலில் விட்டுவிடுவதுதான் இந்தச் சட்டங்கள் எல்லா நாட்டிலும் மல்லுக்கட்டும் தகராறு. அதைச் சொல்லே தொடங்கிவைக்க வேண்டாம். இரண்டாவது முள், கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் போன்ற மேய்ச்சல் மக்கள். மழைக்குத் தகுந்தபடி மந்தையோடு நகர்கிறவர்களின் மேய்ச்சல் வெளி எந்த ஊர் எல்லைக்குள்ளும் அடங்காது.

அப்புறம்தான் 'குடி' என்ற சொல் பிடிபட்டது. 'குடிபெயர்தல்' என்கிறோம், 'ஊர்பெயர்தல்' என்பதில்லை. இடம் மாறினாலும் குடி குடிதான். பழங்குடியிலும் இருக்கிறது, குடியானவரிலும் இருக்கிறது. முக்கியமாக, தமிழில் அரசுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற சொல் அது. ஆகவே என் பரிந்துரை: பொதுவை இரண்டாகப் பிளந்து, அரசிடம் உள்ளது 'அரசுப்பொது', மக்கள் கூட்டத்திடம் உள்ளது 'குடிப்பொது'. அதிலிருந்து குடிப்பொது நிலம், குடிப்பொது உரிமை, குடிப்பொதுப் பட்டா என்று இழுத்தால் நீளாமல் வருகிறது.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "குடிக்கிறவங்களுக்கு ஒதுக்கின இடமாப்பா?" என்றாள் மகள். 'குடியரசு' என்பதைக் குடிகாரர்களின் அரசு என்று யாரும் படிப்பதில்லை, இதுவும் பழகிவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மட்டக்களப்பு நண்பர்களுக்கு வேறொரு சிக்கல் வரும்: அங்கே 'குடி' தாய்வழிக் குலம். அவர்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

சொல்லைவிட எனக்குக் கவலை தருவது அதோடு சேரும் வினை. நாளிதழ்களில் எப்போதும் 'நில உரிமை வழங்கப்பட்டது' என்றுதான் வருகிறது. இந்தச் சட்டங்களின் அடிப்படையே உரிமை முன்பே இருக்கிறது என்பதுதான். 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் சொன்னதும் அதுவே: பிரிட்டிஷார் வந்தபோது அது ஆளில்லாத நிலம் அல்ல, மெரியம் என்ற பூர்வகுடி மக்களின் உரிமை முடியாட்சிக்கு முந்தியது. வன உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே 'அங்கீகரித்தல்' இருக்கிறது. மொசாம்பிக் சட்டம் இன்னும் வெளிப்படை, பதியவில்லை என்பதற்காக வழக்காற்று உரிமை கெடாது என்கிறது. எனவே அரசு வழங்குவது பத்திரம்தான். உரிமையை அது அங்கீகரிக்கிறது, பிறகு பதிகிறது. 'அங்கீகாரம்', 'பதிவு' இரண்டும் இருக்கட்டும், புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். 'வழங்கல்' மட்டும் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அங்கீகாரம், பதிவு இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடலாம் என்ற யோசனையும் ஒரு மடலில் இருந்தது. நிகராகுவாவின் அவாஸ் திங்னி என்ற பழங்குடி ஊர் மக்களைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் காட்டில் மரம் வெட்ட அரசு ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. வழக்கு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2001இல் நிலம் அவர்களுடையது என்று தீர்ப்பு வந்தது. பட்டா கைக்கு வந்தது 2008 டிசம்பரில். அங்கீகாரத்துக்கும் பதிவுக்கும் நடுவே ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தையும் சொல்ல நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

எல்லை பற்றி ஒரே ஒரு குறிப்பு. டீலிமிட்டேஷன், டிமார்க்கேஷன் இரண்டுக்கும் 'எல்லை வரையறை' என்று போட்டிருக்கிறோம். மொசாம்பிக் நடைமுறையில் இவை வேறு வேறு. முதலாவதில் அந்த மக்களே, பெண்கள் தனியாக ஆண்கள் தனியாகக்கூட, வரைபடம் போடுகிறார்கள். ஓடை, பெரிய மரம், பழைய கல்லறை என்று அடையாளம் சொல்கிறார்கள். பக்கத்துக் கூட்டத்தாரும் வந்து 'ஆமாம், இதுவரைதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது அளவையரின் வேலை, கருவியும் கல்லும். இரண்டாவதற்கு நிலஅளவைத் துறைக்காரர்கள் வாயில் 'அத்து காட்டுதல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். முதலாவதற்கு 'எல்லை காணல்' என்பேன். பேசிக் கண்டது என்ற பொருள் வருகிறது.

இன்னும் தீராதது ஒன்று. கென்யாவின் 2016ஆம் ஆண்டுக் கம்யூனிட்டி லேண்ட் சட்டப்படி நிலத்தைப் பதிவதற்கு முன் அந்த மக்கள் கூட்டமே தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும்: பெயர், உறுப்பினர் பட்டியல், விதிகள், தேர்ந்தெடுத்த ஏழு முதல் பதினைந்து பேர் கொண்ட குழு. அதுவரை நிலம் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அரசின் பொறுப்பில் இருக்கும். சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக நிற்கிற அந்தக் கூட்டத்தை என்ன சொல்வது? 'உரிமைக்குடி' என்று எழுதி வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. இப்போதைக்கு என் வாக்கியம் இப்படி நிற்கிறது:

"கென்யாவில் நிலம் அரசுப்பொது, குடிப்பொது, தனியார் நிலம் என மூவகைப்படும். குடிப்பொது நிலத்தைப் பதிய, உரிமைக்குடி முதலில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும்."

கோப்பைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.