அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்: நம்ம செல்லே கேன்சருக்கு வழி விடுமா?

பெரம்பூர்ப் பொண்ணு:
அம்மாவுக்கு 58 வயசு. மார்பில கட்டி, பயாப்சியில கேன்சர்னு உறுதியாயிடுச்சு. ரிப்போர்ட்ல "டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா"ன்னு ஒரு வரி. "கட்டியைச் சுத்தி உடம்பே நார் போட்டிருக்கு, கேன்சர் பரவ அதுவும் துணை போகும்"னார் டாக்டர். திரும்பி வர்றப்போ 29சி பஸ்ல, ஜன்னலோரமா உட்கார்ந்திருந்த அம்மா, "என் உடம்பே எனக்குத் துரோகம் பண்ணுதாடி?"ன்னு கேட்டாங்க. அன்னிலேர்ந்து சரியா சாப்பிடலை. அவங்களுக்கு என்னன்னு சொல்ல?

ஸ்லைடு பார்க்கிறவன்:
சகோதரி, 14 வருஷமா பேத்தாலஜி லேப்ல இருக்கேன். சாயம் போட்ட ஸ்லைடுல கேன்சர் செல்லோட கரு நீலமா நிக்கும். சுத்தி ரோஸ் கலர்ல இழை இழையா ஓடுறது கொலாஜன்ங்கிற நார்ப் புரதம். அதைப் போடுறது ஃபைப்ரோபிளாஸ்ட், நம்ம சொந்த செல். கை வெட்டுப்பட்டா தழும்பு போட்டு மூடுறதும் அதுதான். கட்டி கல்லு மாதிரி தட்டுப்படுதே, அதுக்குப் பெரிய காரணமும் இந்த நார்தான். கேன்சர் செல் டிஜிஎஃப்-பீட்டா மாதிரி சிக்னலை விட்டுக்கிட்டே இருக்கும். காயம் இன்னும் ஆறலைன்னு நினைச்சு ஃபைப்ரோபிளாஸ்ட்டும் வேலையை நிறுத்தாது. 1986-லேயே ஹெரால்ட் டுவோராக்னு ஒரு அமெரிக்க பேத்தாலஜி டாக்டர் கட்டிகளை "ஆறாத புண்கள்"னு எழுதினார். பொய்த் தகவலை நம்பி உழைக்கிற செல்லைத் துரோகின்னு சொல்ல எனக்கு மனசு வரலைங்க.

பெரம்பூர்ப் பொண்ணு:
நன்றிண்ணா. ஆனா பரவ எப்படித் துணை போகுது? அம்மா அதையும் கேப்பாங்க.

விலங்கியல் டீச்சர், மயிலாப்பூர்:
கேன்சர் செல் சிஎஸ்எஃப்-1னு ஒரு சிக்னல் விடும்மா. அதுக்கு மேக்ரோபேஜ், கிருமியை விழுங்குற நம்ம வெள்ளணு, கிட்ட வரும். வந்து ஈஜிஎஃப்ங்கிற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கும். அது கேன்சர் செல்லை நகர வைக்கும். எலிகளோட மார்பகக் கட்டியில ரெண்டும் சேர்ந்தே ரத்தக்குழாய்ப் பக்கம் நகர்றதை மைக்ரோஸ்கோப்ல பார்த்திருக்காங்க. ஃபைப்ரோபிளாஸ்ட் எம்எம்பி நொதியால கொலாஜனை வெட்டி வழி உண்டாக்கும். ஆனா வழி கிடைச்ச செல்லெல்லாம் போய் வேரூன்றிடாது. 1889-லேயே ஸ்டீபன் பேஜெட்னு ஒரு ஆங்கிலேய சர்ஜன் சொன்னது: விதைக்கு, அதாவது கேன்சர் செல்லுக்கு, ஏத்த மண்ணும் வேணும். அம்மா உடம்புல கேன்சர் செல்லைத் தேடிக் கொல்லுற டி செல்னு இன்னொரு வெள்ளணுவும் இருக்கு. அதை முதல்ல சொல்லு.

பெரம்பூர்ப் பொண்ணு:
தயிர்சாதம் பிசைஞ்சுக்கிட்டே படிச்சுக் காட்டினேன் டீச்சர். "அந்த மேக்ரோபேஜ் கிட்ட யாராவது போய் விவரத்தைச் சொல்லக்கூடாதா?"ன்னாங்க. ரெண்டு வாய் கூடுதலா சாப்பிட்டாங்க.

ஸ்லைடு பார்க்கிறவன்:
சிஎஸ்எஃப்-1 சிக்னலைத் தடுக்கிற மருந்தே இருக்குன்னு சொல்லுங்க. 2019-ல அமெரிக்காவுல ஒரு மூட்டுக் கட்டிக்கு அனுமதி கொடுத்தாங்க. மார்பகக் கேன்சருக்கு இன்னும் ஆராய்ச்சி அளவுலதான்.