ஜெர்மன் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, ஸ்பெயினில் என்ன செய்வது?

ஸ்பெயினின் சந்தியாகோ கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில், அஸ்தோர்கா ஊரில் மாட்டிக்கொண்டோம். அம்மா நடக்கிறார், நான் கேம்பர் வேனை அடுத்த ஊருக்கு ஓட்டிப்போய்க் காத்திருப்பேன். வண்டி ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த ஃபியட் டுகாட்டோ. நேற்று ராத்திரி ரசம் கொதிக்கும்போது சுடர் சுருங்கி அணைந்தது. 11 கிலோ புரொப்பேன் சிலிண்டர் காலி, ஹீட்டரும் இல்லை.

பங்க்கில் மாற்றித் தர மறுத்தார்கள். வண்டிக்கு எல்பிஜி போடும் இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். இங்கே ஆரஞ்சு நிற 12.5 கிலோ சிலிண்டர்கள் அடுக்கிக் கிடக்கின்றன, ஆனால் அவற்றின் வால்வு மேலிருந்து அழுத்திப் பூட்டுவது. என் ரெகுலேட்டர் மரையில் திருகுவது. அதுவும் பியூட்டேன், உறைகுளிரில் சரியாக ஆவியாகாது. அடுத்து ஃபொன்ஸெபதோன் மலை வேறு.

பொன்ஃபெராதா ஊர் போய்ச் சேர்வதற்குள், என் ரெகுலேட்டரை இங்கத்திய சிலிண்டரில் மாட்ட உதவும் அடாப்டர் எந்த மாதிரிக் கடையில், என்ன பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்?