விண்வெளி நிலையத்தின் உயர இறக்கம்: வரைபடம் ஏன் இப்படிக் குதிக்கிறது?

வேளச்சேரி_வானம்:
வணக்கம். கல்லூரி ப்ராஜெக்டுக்காக சர்வதேச விண்வெளி நிலையத்தோட (பட்டியல் எண் 25544) ஆறு மாத டிஎல்இ (சுற்றுப்பாதை விவரத்தை இரண்டு வரி எண்களா தர்ற தரவு) எல்லாம் இறக்கி, எஸ்ஜிபி4 (டிஎல்இ-யிலிருந்து இடத்தைக் கணிக்கிற கணக்குமுறை) ஓட்டி உயரத்தை வரைஞ்சிருக்கேன். மாசம் 2 கி.மீ. போல இறங்கணும், ஆனா புள்ளிகள் பல கி.மீ. மேலும் கீழுமா சிதறிக் கிடக்கு. நடுநடுவே உயரம் ஏறவும் செய்யுது. எங்கே சரி பண்ணணும்?

தரமணி_சுற்றுப்பாதை:
இந்த வேலைக்கு எஸ்ஜிபி4 வேண்டாம். அது தர்றது அந்தக் கணத்து இடம். நிலையம் 51.6° அட்சரேகை வரைக்கும் போகுது. அங்கே கடல்மட்டமே நிலநடுக்கோட்டைவிட பூமி மையத்துக்கு 13 கி.மீ. கிட்ட இருக்கு. பாதையோட நீள்வட்டமும் சேர்ந்தா உங்க 2 கி.மீ. அதுக்குள்ள அமுங்கிடும்.

டிஎல்இ-யோட இரண்டாவது வரியில 53 முதல் 63 வரையான எழுத்து இடங்கள்ல ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுன்னு இருக்கும். அதை மட்டும் எடுங்க. 6.28319-ஆல பெருக்கி 86400-ஆல வகுங்க. 398600.44-ஐ (பூமியோட ஈர்ப்பு மாறிலி) அந்த விடையோட வர்க்கத்தால வகுத்து கனமூலம் எடுத்தா அரை நெட்டச்சு (பாதை நீள்வட்டத்தோட நீள விட்டத்துல பாதி) கி.மீ.-ல கிடைக்கும். 15.5 சுற்றுன்னா 6795. அதுல பூமியோட நிலநடுக்கோட்டு ஆரம் 6378 போனா உயரம் 417. சுற்று 0.001 கூடினா பாதை சுமார் 290 மீட்டர் இறங்கியிருக்குன்னு அர்த்தம்.

முதல் வரியில இருக்கிற, சுற்று எண்ணிக்கையோட மாறுவீதத்தை எடுக்கிறதா இருந்தா கவனம்: அங்கே அச்சாகியிருக்கிறது பாதி மதிப்புதான்.

பெரம்பூர்_தரவு:
உயரம் ஏறுற இடமெல்லாம் ரீபூஸ்ட் (இன்ஜினை எரிச்சுப் பாதையை உயர்த்துறது). காற்றுத்தடை மட்டும் இருந்தா சுற்று எண்ணிக்கை கூடத்தான் செய்யும். சட்டுனு குறைஞ்சா இன்ஜின் எரிஞ்சிருக்கு. வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடினாலே பாதை 1.8 கி.மீ. கிட்ட ஏறிடும். அந்த இடங்கள்ல வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி நேர்கோடு போடுங்க. மொத்தத்துக்கும் ஒரே கோடு போட்டா வர்ற சரிவுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ரீபூஸ்ட் முடிஞ்சதும் வர்ற ஒன்றிரண்டு டிஎல்இ-யைத் தூக்கிடுங்க. பழைய பாதையும் புதுப் பாதையும் அதுல கலந்திருக்கும், பி-ஸ்டார் (டிஎல்இ-ல இருக்கிற காற்றுத்தடை எண்) மைனஸ்லகூட வரலாம்.

சென்னையிலிருந்தே இதைச் சரிபார்க்கலாம். அப்படி ஒரு ரீபூஸ்டுக்கு முந்தைய டிஎல்இ-யை வெச்சு 5 நாள் கழிச்சு நேரம் கணிச்சா, நிலையம் நம்ம வானத்துக்கு 2 நிமிஷம் 50 நொடி போலத் தாமதமா வரும். டிஎல்இ நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). ஐந்தரை மணி கூட்ட மறக்காதீங்க.

வேளச்சேரி_வானம்:
ரொம்ப நன்றி. ஒரு துண்டோட சரிவை அப்படியே நீட்டி, ரீபூஸ்டே இல்லாட்டி எப்போ விழும்னு சொல்லலாமா?

தரமணி_சுற்றுப்பாதை:
கூடாது. கீழே போகப்போகக் காற்று அடர்த்தி மடங்கு மடங்கா ஏறும், நேர்கோடு அதைப் பிடிக்காது. சூரியன் வேற இருக்கு: எதிர்பார்த்ததைவிடச் சூரியச் செயல்பாடு கூடினதாலதான் அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலேப் 1979 ஜூலை 11-லயே விழுந்துச்சு. ஒவ்வொரு துண்டோட சரிவையும் அதே நாட்களோட எஃப்10.7 சூரிய ரேடியோ அளவுக்கு எதிரா வரைஞ்சு பாருங்க. அதுலயும் சிதறல் இருக்கும். சூரியத் தகடுகள் திரும்பத் திரும்பக் காற்றுல படுற பரப்பு மாறும், சரக்குக் கலம் வந்து சேர்ந்தா எடையும் மாறும்.