சென்னையிலிருந்து மதுரைக்கு மாற்றல்: சம்பளத்தில் 11 ஆயிரம் போச்சு, அவசர உதவி

மாற்றல்_2025: 2025 ஏப்ரலில் மாற்றலாகி மதுரை வந்தேன். வீட்டு வாடகைப்படிக்கு (ஹெச்ஆர்ஏ) சென்னை எக்ஸ் வகை நகரம், மதுரை ஒய் வகை, அதனால் நாலாயிரத்துச் சொச்சம் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மே சம்பளத்தில் 11 ஆயிரம் குறைந்திருக்கிறது! பில் போடுபவரைக் கேட்டால் "கம்ப்யூட்டர் போட்டது சார்" என்கிறார். நாளைக்குள் மனு கொடுக்கணும். எங்கே தப்பு?

வைகைக்கரை: மத்திய அரசா, மாநில அரசா? சம்பள லெவல் என்ன, அடிப்படைச் சம்பளம் என்ன? குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்களா?

கருவூலம்_பாபு: மாநில அரசென்றால் ஹெச்ஆர்ஏ சதவீதக் கணக்கே கிடையாது. அடிப்படைச் சம்பள வரம்புக்கு ஏற்ற அட்டவணைதான். கூடவே நகர ஈட்டுப்படியையும் (பெரிய ஊர்களில் வேலை பார்ப்பதற்குத் தரும் படி) பாருங்கள்.

பைசா_வசூல்: வருமான வரிதான், சந்தேகமே வேண்டாம். வாடகை ரசீது கொடுக்காமல் விட்டிருப்பீர்கள், பிடித்துவிட்டார்கள்.

எஃப்ஆர்_எஸ்ஆர்: எக்ஸ், ஒய் என்று எழுதியிருக்கிறார், மத்திய அரசு என்று புரிய வேண்டாமா? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுவது இங்கே வழக்கொழிந்துவிட்டது போலிருக்கிறது. நகர ஈட்டுப்படி மத்திய அரசில் ஆறாவது ஊதியக் குழுவோடு போய்விட்டது. கேள்வி கேட்டவரும் அடிப்படைச் சம்பளத்தைச் சொல்லாமல் நாங்கள் ஜோசியம் பார்க்க முடியாது.

மாற்றல்_2025: மன்னிக்கவும் சார். மத்திய அரசு, லெவல் 6, அடிப்படை 41,100. வாடகை வீடுதான், அண்ணாநகரில். மதுரை அண்ணாநகர்.

எஃப்ஆர்_எஸ்ஆர்: இப்போது பேசலாம். 2024 ஜனவரியில் அகவிலைப்படி (டிஏ) 50 சதவீதத்தைத் தொட்டதிலிருந்து ஹெச்ஆர்ஏ எக்ஸ் 30, ஒய் 20, இசட் 10 சதவீதம். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான், டிஏ சேராது. ஆக 12,330 வாங்கியவர் 8,220 வாங்குவார். குறைவது 4,110. இதை நீங்களே போட்டுவிட்டீர்கள். போக்குவரத்துப்படியை மறந்துவிட்டீர்கள். லெவல் 6க்குச் சென்னையில் 3,600, அதற்கு 55 சதவீத டிஏ, மொத்தம் 5,580. அதிகப் படி தரும் 19 ஊர்ப் பட்டியலில் மதுரை இல்லை. அங்கே 1,800, டிஏ சேர்த்து 2,790. இரண்டும் சேர்ந்து 6,900 குறையும். முடிந்தது.

கோவை_பைபாஸ்: அந்தப் பட்டியலில் கோயம்புத்தூர் உண்டு. சும்மா சொல்லி வைக்கிறேன்.

வைகைக்கரை: எந்த ஊர் நியாயம் இது? ஹெச்ஆர்ஏவுக்கு இரண்டும் ஒய். போக்குவரத்துக்கு மட்டும் உங்கள் ஊர் பெரிய ஊரா? சிம்மக்கல்லிலிருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் ஒருநாள் காலையில் வந்து பாருங்கள்.

கோவை_பைபாஸ்: 2011 கணக்கெடுப்பில் புறநகரோடு சேர்த்து நாங்கள் 21 லட்சம், நீங்கள் 15 லட்சத்துக்கும் கீழே. கொச்சி, கோழிக்கோடெல்லாம் பட்டியலுக்குள் வந்தது அப்படித்தான்.

வைகைக்கரை: 2011! அதற்கப்புறம் யாராவது தலையை எண்ணினார்களா?

பைசா_வசூல்: இன்னமும் வரி என்றுதான் சொல்வேன்.

கருவூலம்_பாபு: ஆண்டுக்குப் 10 லட்சம்கூட வராத சம்பளம். புதிய வரி முறையில் 2025-26இல் 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. அதில் வாடகை ரசீதுக்கும் வேலை இல்லை. விடுங்கள் பாஸ்.

செல்லம்மா_ஆடிட்: எஃப்ஆர் சார் "முடிந்தது" என்கிறார், முடியவில்லையே? அவர் சொல்வது 11 ஆயிரம், உங்கள் கணக்கு 6,900. மீதி நாலாயிரத்து நூறு எங்கே? 41,100க்குப் பத்து சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். யாரோ இவருக்கு இசட் நகரக் கணக்கு போட்டிருக்கிறார்கள். தம்பி, வீடு மதுரை சரி, அலுவலகம் எங்கே இருக்கிறது?

எஃப்ஆர்_எஸ்ஆர்: அவர் மதுரை என்றுதானே சொன்னார். கொடுத்த தகவலுக்குத்தான் பதில்.

கோவை_பைபாஸ்: மெட்ரோ வந்தால் உங்களுக்கும் ஏற்றிக் கொடுப்பார்களோ என்னவோ.

வைகைக்கரை: உங்கள் ஊருக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறதாக்கும்!

மாற்றல்_2025: அலுவலகம் உசிலம்பட்டி மேடம். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். மதுரை மாவட்டம்தானே என்று எழுதவில்லை.

செல்லம்மா_ஆடிட்: அதுதான். ஹெச்ஆர்ஏ பணியிடத்தை வைத்து. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. மாவட்டப் பெயரும் உதவாது, மதுரை நகரத் தொகுப்புக்குள் (நகரமும் அதை ஒட்டிய புறநகரும்) அலுவலகம் இருக்க வேண்டும். உசிலம்பட்டி இசட், 4,110தான் கிடைக்கும். ஹெச்ஆர்ஏவில் 8,220, போக்குவரத்தில் 2,790, மொத்தம் 11,010 குறைகிறது. பில் சரி. மனு கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை: மதுரை வாடகையைக் கொடுத்துக்கொண்டு உசிலம்பட்டிப் படியை வாங்குகிறார், பாவம்.

மாற்றல்_2025: சரியாக 11,010தான் மேடம். நன்றி.

புதுமாப்பிள்ளை_சேலம்: இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். நானும் மனைவியும் மத்திய அரசு, ஒரே வாடகை வீடு. இருவருக்கும் ஹெச்ஆர்ஏ உண்டா?

எஃப்ஆர்_எஸ்ஆர்: அதே ஊரில் இருவரில் ஒருவருக்கும் அரசுக் குடியிருப்பு இல்லையென்றால் இருவருக்கும் உண்டு. அடுத்த முறை தனி இழை.